ஃபுல்லோடு மாமா தேர்ந்தெடுத்த எஸ்எஸ்டி

எங்கள் தெருவில் சோதிக்கப்படாத பொருள் என்று ஒன்று கிடையாது. கட்டில், கிரைண்டர், கல்யாண மேடை, மாப்பிள்ளை, எதுவானாலும் ஃபுல்லோடு மாமா ஒருமுறை பாரம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் அது அங்கே குடியேற முடியும். கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், கூடுதலாக இரண்டு யானைகளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்லியிருப்பார்.

நாமக்கல்லில் அவருக்குத் தொழில், பழைய லாரி பார்த்துக் கொடுப்பது. செகண்ட்ஹேண்டில் லாரி வாங்குகிறவர்கள் இவரைக் கூடவே அழைத்துப் போவார்கள். புது பெயிண்டையும் பளபளக்கும் பம்பரையும் இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஃபுல் லோடு ஏற்று, மேட்டில் விடு என்பார். அதற்குச் சம்மதிக்காத வண்டிக்கு அட்வான்ஸ் கிடையாது. அப்படி வந்த பெயர்தான் ஃபுல்லோடு. இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தொழிலைத் தொழிலோடு விட்டாரா என்றால் இல்லை. ஒரு கிரகப்பிரவேசத்தில் ஊஞ்சல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, விருந்தாளிகளில் கனமானவர்களாகப் பொறுக்கி அதில் உட்காரவைத்தார். ஊஞ்சல் தாங்கியது. கொக்கி மாட்டியிருந்த இடத்தில் சீலிங்தான் பெயர்ந்து பாயச அண்டாவில் விழுந்தது. குடியேறுவதற்கு முன்பே தெரிந்ததே என்று மாமா சொன்ன விதத்தில், வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொல்லும்படி ஆகிவிட்டது. கல்யாண மேடை போட்டால் மணமக்களுக்கு முன்னால் இவர் ஏறி, நட்டநடுவில் நின்று குதிப்பார். வீடியோக்காரர் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்து எடுத்துவிடுவார்.

பெண் பார்க்க வந்த ஒருவனை, அந்த வீட்டுப் பெண்கள் ஐந்து பேரோடு, தறிகளுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்குச் சேலை எடுக்க அனுப்பிவைத்தார். காலையில் போனவன் பொழுது சாய்ந்தபின், இரண்டு கைகளிலும் பைகளோடு, சிரித்த முகமாகத் திரும்பினான். வண்டி தாங்கும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார், கல்யாணம் நிச்சயமானது. அந்த மாப்பிள்ளை நான்தான். அது சிரிப்பல்ல, பசி மயக்கம் என்பதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

மணப்பெண் மலர். வீட்டுக் கம்ப்யூட்டரில் சேலை பார்டருக்கு டிசைன் வரைந்து இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிறாள். எங்கள் அடுப்பு எரிவது பெரும்பாலும் அவள் டிசைனில்தான். என் எழுத்தில் எரிந்தால் பால் மட்டும் காயும். அந்தக் கம்ப்யூட்டரோ பழங்கிழம். ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய், சட்னி அரைத்து, தோசை சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் கண் விழிக்கும்.

போன தீபாவளிக்கு முன்னால் அதன் ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. வந்து பார்த்த மெக்கானிக், டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிரைவான எஸ்எஸ்டி போடச் சொன்னார். கூடவே ஒரு குண்டையும் போட்டார். பழைய டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை நகல் எடுக்கலாம். இரண்டாவது தடவைக்கு அது உயிரோடு இருக்குமா என்று சொல்ல முடியாது. அதற்குள் இருந்தவை மலர் இத்தனை வருடமாக வரைந்த டிசைன்கள், தீபாவளி ஆர்டர் உட்பட. வேறு நகல் எங்கும் இல்லை. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

குடும்பத் தலைவன் என்கிற முறையில் நான் களத்தில் இறங்கினேன். ஆன்லைனில் தேடினேன். பெயர் தெரிந்த கம்பெனிகள் ஐந்நூறு ஜிபிக்குக் கேட்ட விலையில், பெயர் தெரியாத ஒரு கம்பெனி இரண்டு டெராபைட் தருவதாகச் சொன்னது. நாலு மடங்கு. இப்படியொரு யோகமா என்று ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தது. மலர் நகல் எடுக்க உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஃபுல்லோடு மாமா உள்ளே வந்தார்.

"ஏனுங் மாப்ள, லோடு ஏத்திப் பாத்தீங்களா?"

"இது லாரி இல்லைங்க மாமா."

"பாரம் செமக்கறது எல்லாம் வண்டிதானுங்க."

கம்ப்யூட்டரில் மவுஸ் எது என்று கேட்டால் மாமா தரையைத்தான் பார்ப்பார். ஆனால் மலருக்கு அவர் பெரியப்பா, வளர்த்தவர் மாதிரி. பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். கையை எடுத்துவிட்டாள். எதை ஏற்றுவது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மாமா தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய் பென்டிரைவ்களையும், மூலைவீட்டு வீடியோக்காரரின் ஹார்டு டிஸ்கையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கும்பாபிஷேகம், எங்கள் தெருவின் சரித்திரமே பைக்குள் இருந்தது.

ஏற்றினோம். பறந்தது. நான் மாமாவைப் பெருமையாகப் பார்த்தேன். வெறும் வண்டி பறக்கத்தான் செய்யும், சித்த பொறுங்கள் என்றார். பொறுத்தேன். பையில் இருந்தது முழுக்க ஏறியும், இன்னும் முக்கால்வாசிக்கு மேல் இடம் காலி என்றே திரை சொன்னது. நான் வென்றுவிட்டதாக எழுந்தேன்.

"ஏத்துனா ஆச்சுங்களா? எறக்கிப் பாக்க வேண்டாமா?" என்றார் மாமா.

ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் கல்யாணம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் மாப்பிள்ளை மணவறைக்கு வந்து உட்கார்ந்தார், படம் அங்கேயே நின்றது, பெண் வரவேயில்லை. அதற்குப் பிறகு ஏற்றிய எதுவும் திறக்கவில்லை. பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு டெராபைட் என்று எழுதியிருந்த அந்த டப்பாவில் உண்மையில் இருந்த இடம் இரண்டரைக் கல்யாணத்துக்குத்தான்.

மலரின் முகம் வெளுத்துவிட்டது. "இதுல என்ற டிசைன ஏத்தியிருந்தா, பெரியப்பா?"

"ஏத்துலீல்ல சாமி, உடு" என்றார் அவர். காலமெல்லாம் கேலி செய்த மனிதரை அன்றைக்கு நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, மஞ்சப்பையோடு மூவரும் சேலத்துக்கு ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் விரல் நீளத்தில் ஒரு பட்டையை எடுத்துக் காட்டி, இதைப்போல் வேகம் உலகத்திலேயே இல்லை என்றார். எங்கள் வீட்டு வண்டியில் இது சேருமா என்று மாமா கேட்டார். மலர் எழுதி வந்திருந்த மதர்போர்டு மாடலைப் பார்த்துவிட்டு, சேராது, அதற்கான இடமே அதில் இல்லை என்று விற்பனையாளர் ஒப்புக்கொண்டார். தீப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கியது போன்ற சாதாரண வகைதான் எங்களுக்குச் சரி. அதில் நாலு பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். வாரண்டி எத்தனை வருடம், மொத்த ஆயுளில் எவ்வளவு லோடு ஏற்றலாம் என்று கம்பெனி போட்டிருக்கிறது, படுத்துவிட்டால் யாரிடம் வருவது என்று மாமா ஒவ்வொன்றுக்கும் கேட்டார். பதில் ஒழுங்காக வந்தது ஒன்றுக்குத்தான். ஐந்நூறு ஜிபி. கைக்கு அடக்கமான விலை. தக்காளிக் கூடை ஏற்றப் பன்னிரண்டு சக்கர வண்டி எதற்கு என்று, இன்னும் பெரியது கேட்ட மலரைச் சமாதானப்படுத்தினார்.

பிறகு மஞ்சப்பையைக் கவுண்டர்மேல் வைத்தார். லோடு ஏற்றிப் பார்த்துத்தான் காசு என்றார்.

கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு, இவரோடு பேசுவதைவிட மேசை கொடுப்பது சுலபம் என்று புரிந்து ஒரு மேசை கொடுத்தார். பாதியில் வேகம் தடாலென்று இறங்க, இதுவும் போச்சா என்று நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அசையவில்லை. "லோடோட மேடு ஏறுனா மெதுவாத்தான் போவுமுங்க. நிக்கக் கூடாது, அவ்வளவுதான்." நிற்கவில்லை. எல்லாம் ஏறியது. எல்லாம் இறங்கியது. மவுஸ் வாங்க வந்தவர்கள் எங்கள் தெருக் காதுகுத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, குழந்தை அழுகையை நிறுத்திய பிறகுதான் கிளம்பினார்கள்.

வீட்டில் டிஸ்கை மாற்றினோம். டிசைன்கள் ஒரே மூச்சில், ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன. பழைய டிஸ்க் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. தீபாவளிச் சேலைகள் தறி ஏறின. கம்ப்யூட்டர் இப்போது ஸ்விட்ச் தட்டியதும் எழுந்துவிடுகிறது. சட்னி அரைக்க நேரமே கிடைப்பதில்லை.

தை பிறந்ததும் மாமா ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அவர் போகும்போது, மஞ்சப்பையில் இருந்ததையெல்லாம் மலர் மறுபடியும் அந்த எஸ்எஸ்டியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவே எதையாவது ஓடவிடுவாள். எந்தக் கல்யாணத்தைத் திறந்தாலும், முதலில் மாமா மேடையில் ஏறிக் குதிக்கிறார். எங்கள் கல்யாணத்தில் மூன்று தடவை குதித்திருக்கிறார்.

இப்போது டிரைவில் இடம் போதவில்லை. அந்த வீடியோக்களை அழித்தால் தாராளமாகக் கிடைக்கும். நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்னொன்று வாங்கலாம் என்று முடிவு செய்து, ஓசூருக்குப் போன் போட்டேன்.

"அதுக்கென்னுங் மாப்ள, ஞாயித்துக்கெழம வாரேன். நான் வராம காசக் குடுத்துப்போடாதீங்க."

நீங்கள் இல்லாமல் எங்களுக்கு வாங்கத் தெரியாது என்று சொல்லி வைத்தேன். உண்மையில், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது எனக்கே மனப்பாடம். அவர் இல்லாமல் போய் நிற்கத்தான் பிடிக்கவில்லை.