சராசரியைக் கெடுத்த மாப்பிள்ளை

திருமுல்கேரி,
ஹைதராபாத்.
14.6.2007

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை கோவிந்தராஜன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் போனில், "எம் பொண்ணு நீலாவும் போய்ச் சேந்துட்டா, அங்க உங்களுக்குன்னு ஆரு இருக்கறாங்க மாப்ள? பேசாம கரூருக்கே வந்துருங்க" என்றீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை அளந்து பார்ப்பதுதான் ஆபீசில் என் வேலை. அந்த நேரம் பார்த்து எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி பத்ரிநாராயணன் சார் வந்து, "தமிழ்க்காரா யாரோடயும் ஒட்டமாட்டான்னு பேசிக்கறாப்பா. நீ ஒரு சர்வே பண்ணி நம்பரா காட்டு" என்றார். உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை வந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன்.

பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், முழுக்கச் சரி என்றால் ஐந்து. "பக்கத்து வீட்டில் தயங்காமல் உதவி கேட்பேன்" என்பதற்கு உருது பேசும் வீடுகளின் சராசரி ஐந்து, தெலுங்கு வீடுகளுக்கு நாலு, தமிழ் வீடுகளுக்கு இரண்டு. பத்ரி சார் முகம் தொங்கிவிட்டது. சரி, வீடு வீடாகப் போய் விசாரிப்போம் என்று போனேன். கீழ்வீட்டு முகமது யூசுப் பாய்க்குப் பூர்வீகம் ஆம்பூர். பத்துக்கும் ஐந்தே போட்டிருக்கிறார், "இங்கே எனக்கு யாரையும் தெரியாது" என்பதற்கும் ஐந்து. ஏன் பாய் என்றால், "நம்ம பில்டிங்க பத்திக் கேக்குறீங்க, கொறச்சுப் போட்டா நல்லாவா இருக்கும்? நக்கோ பாய், அதெல்லாம் வேணாம்" என்கிறார். எதிர்வீட்டு பத்மஜா காருவுக்கு (இங்கே ‘காரு’ என்றால் ‘அவர்கள்’) ஐந்து போடத்தான் ஆசையாம், கண் பட்டுவிடும் என்று ஒன்று குறைத்தாராம். மேல்வீட்டு லூர்துமேரி டீச்சர் ரெண்டுதான் போட்டிருந்தாங்க. "நான் எதுக்குப்பா கேக்கணும்? ரெண்டு நாள் கிரைண்டர் சத்தம் கேக்கலன்னா பத்மஜாவே மாவு கொண்டாந்து வச்சிட்டுப் போயிர்றா"ங்கறாங்க. ஆக அஞ்சும் நாலும் ரெண்டும் ஒண்ணுதான் போல இருக்கு மாமா, இல்லன்னா வேற வேற போலவும் இருக்கு. ஒரே தராசுல ஒருத்தர் குதிச்சுக்கிட்டு ஏறுனா, ஒருத்தர் ஒத்தக் கால்ல நின்னா, எடை என்னன்னு நான் எதைச் சொல்றது.

இதுக்கு நடுவுல பத்ரி சார், "உன் ஃபாரத்த எடுத்துடுப்பா. எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு போட்டு தமிழ் சராசரியையே நீதான் கீழ இழுக்கற"ன்னார். டீச்சர் அத வாங்கிப் பாத்தாங்க. "'என்னை விசாரிக்க ஆள் உண்டு', அதுக்குமா ஒண்ணு? ஏழு மாசமா தெனம் சாயங்காலம் உன் கதவுல கேரியர் மாட்டறோமே, அது என்னப்பா?"

"அது மாமா ஏற்பாடு பண்ணுன மெஸ் இல்லீங்களா?"ன்னேன்.

டீச்சர் ஃபாரத்தப் பக்கத்துல நின்ன பாய்கிட்ட நீட்டுனாங்க. யூசுப் பாய்தான், "எந்த மெஸ்ஸுல பாய் ஞாயித்துக்கிழம பிரியாணியும் செவ்வாக்கிழம கோங்கூராக் கீரையும் போடறான்?"னு கேட்டார். எனக்கு ருசி தெரியல மாமா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

இப்ப அந்த ஒண்ண அழிச்சுட்டு என்ன போடறது? பாய் கணக்குல அஞ்சா, பத்மஜா காரு கணக்குல நாலா, டீச்சர் கணக்குல ரெண்டா? ரெண்டு நாளா பென்சிலக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அளக்கவே தெரியாத இடத்தில் இருப்பதைவிடக் கரூரே மேல். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் கிளம்புகிறேன். வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டேன்.

அத்தைக்கும் தங்களுக்கும் என் வணக்கங்கள். மாரியம்மன் எல்லோரையும் காப்பாற்றட்டும், மிச்சம் இருப்பவர்களையாவது.

தங்கள்,
கோவிந்தராஜன்

பி.கு.: கிளம்பவில்லை. ஞாயிறு என்றதும் பாய், "அது நம்ம நாளு, திங்கக்கிழம போங்க" என்றார். திங்கள் டீச்சருடையது, செவ்வாய் பத்மஜா காருவுடையது. இப்படியே கேட்டுக்கொண்டு போனால் வியாழன் மட்டும்தான் காலி. அன்றைக்குக் கேரியர் மாட்டிய வீட்டுக்காரர்கள் போன வாரம் புனேவுக்கு மாற்றலாகிவிட்டார்கள். சரி, அன்று கிளம்பலாம் என்றால், டீச்சர் கேரியர் பட்டியலில் அந்த நாளுக்கு என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்து ஒரு மாதம் ஆகிறதாம், எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை அவர்கள் கதவில் நான் கேரியர் மாட்ட வேண்டும். நீலா ரசத்துக்கு மிளகை வறுத்துப் பொடிப்பாளா, பச்சையாகவா? அத்தையைக் கேட்டு புதன்கிழமைக்குள் போன் பண்ணச் சொல்லுங்கள்.