நீதிபதியின் கோழிகள்

"பாவம், இந்தப் பக்கத்துக் கோழிங்க" என்று சொல்லிக்கொண்டே நீதிபதி, வலப்பக்க மூட்டையிலிருந்து ஒரு கை தீவனம் அள்ளி இடப்பக்கக் கோழிகளுக்குத் தூவினார்.

தீவன ஆராய்ச்சி செய்பவள் ஓடி வந்தாள். "அண்ணா, என்ன பண்றீங்க? அது பாசி போட்ட தீவனம்!"

"தெரியும்மா. மூட்டையில பெரிசா எழுதியிருக்கே. அதுங்களுக்கு விருந்து, இதுங்களுக்குச் சாதாவா? பார்த்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது?"

கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஒரு கோழி இன்னொன்றைக் கொத்தினால் இரண்டையும் தூக்கி வைத்து விசாரிப்பார். அவர் கையில் வளர்ந்த கோழி சுணங்கி நின்றதை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. சிக்கலே அவருடைய இரக்கம்தான்.

கண்ணாடித் தொட்டிகளில் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த நுண்பாசி, காய்ந்து பச்சைப் பொடியாகி, தீவனத்தில் சோயாவின் இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்திருந்தது. பாசி தின்றால் சதை பிடிக்கும், கால் மஞ்சளாகும் என்று அவள் நம்பினாள். பண்ணை மேலாளர் நம்பவில்லை.

"ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியணும். இல்லேன்னா தொட்டியைக் கழுவிக் கவுத்துடுங்க."

எது எந்தத் தீவனம் என்று நீதிபதிக்குத் தெரியாமல் இருந்தால்தான் சோதனை செல்லும். மூட்டைகளிலிருந்த எழுத்தை அழித்தாள். நிறம் காட்டிக்கொடுக்குமே என்று சாதாத் தீவனத்திலும் பச்சைச் சாயம் கலந்தாள்.

"இப்போ கண்டுபிடிங்க பார்க்கலாம்."

நீதிபதி குனிந்து மோந்தார். "இதுதாம்மா பாசி. குளத்து வாடை அடிக்குது."

இரண்டிலும் மீன் எண்ணெய் ஊற்றினாள். வாடை ஒன்றானது. மறுநாள் காலை, தெருப்பூனைகள் குடும்பம் குடும்பமாகக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தன.

"உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்காங்கம்மா" என்றார் நீதிபதி.

பூனைகள் மூட்டைகளைக் கிழித்துவிட்டன. அவள் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து, சாயமும் எண்ணெயும் சேர்த்து, மூட்டை வாயைத் தைத்து அறைக்குள் வைத்துப் பூட்டினாள். இப்போது பார்த்தால் அவளுக்கே அடையாளம் தெரியாது. தைத்த நூல் மட்டும்தான் வேறு.

"சிவப்பு நூல் இடது பக்கம். பச்சை நூல் வலது பக்கம். சரியா அண்ணா?"

நீதிபதி நூலையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இதுல எதும்மா நல்லது?"

"அதைத்தான் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா. யாருக்கும் ஒரு குறை வைக்க மாட்டேன்."

எடை போடும் நாள் வந்தது. மேலாளர் கோழிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! என்ன மினுமினுப்பு! பக்கத்துக் கொட்டகைக் கோழிங்க இதுங்ககிட்ட நிக்க முடியுமா?"

அவள் தராசின் பக்கத்தில் போய் நின்றாள். இடப்பக்கம் எடை போட்டார்கள். வலப்பக்கம் போட்டார்கள். ஒரே எடை. கால்களும் இரண்டு பக்கமும் ஒரே மஞ்சள். கலந்த சாயம்தான் காலில் ஏறிவிட்டது போல என்று மனதுக்குள் நொந்துகொண்டாள்.

"அப்போ உங்க பாசி என்னதான் பண்ணிச்சு?" என்றார் மேலாளர். "இது முழுக்க நீதிபதியோட கைராசி. தொட்டியைக் கழுவிடுங்க."

அவள் தேய்க்கும் பிரஷ்ஷைத் தேடி எடுத்தாள்.

நீதிபதிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, காலி மூட்டைகளில் தொங்கிய நூல்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதென்னம்மா கலர் கலரா?"

"அடையாளம்க்கா. அண்ணன் மூட்டையை மாத்திப் போட்டுடக் கூடாதுல்ல?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கோழிகள் மிரண்டு ஓடின.

"இவருக்கா? தக்காளி வாங்க அனுப்பினா காயும் பழமுமா அள்ளிட்டு வர்ற மனுஷன்மா! சிவப்பும் பச்சையும் இவர் கண்ணுக்கு ஒண்ணுதான். அதனாலதானே, எந்தப் பக்கமும் ஏமாந்துடக் கூடாதுன்னு தினமும் ரெண்டு மூட்டையையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து சரிசமமாப் போட்டாரு!"