என்னைப் பற்றிய கேள்விகளுக்கு விடை மனப்பாடம் செய்தேன்

படிக்காமல் போய்ப் பரீட்சையில் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விழுந்து விழுந்து படித்ததால் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். அதுவும் என்னைப் பற்றிய கேள்விகளில்!

எண்பதுகளின் தொடக்கம். இரண்டு வருடமாக வேலையில்லை. பிரிக்பீல்ட்ஸில் அக்காள் வீட்டு சோபாவுக்கு என் முதுகின் அளவு மனப்பாடம். கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசர் வேலைக்கு அழைப்பு வந்தது.

"இதுவும் கிடைக்கலன்னா டெங்கில் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வேலைதான். பேசி வச்சிட்டேன்" என்றார் அத்தான். (எனக்கோ கவிஞனாகும் வெறி. பேரேட்டில் புதைந்துபோவேனா?)

முதலில் உளவியல் தேர்வாம். நூறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'. போன வாரம் அதே தேர்வை எழுதி அங்கே வேலை வாங்கியிருந்த நண்பன் செல்வம், டியூஷன் பழக்கத்தில் தன் விடைகளை அழைப்புக் கடிதத்தின் பின்னால் வரிசையாகக் குறித்து வந்திருந்தான்.

"அப்படியே அடிச்சு விடு லா!"

ஆம் ஆம் இல்லை, இல்லை இல்லை ஆம் என்று மெட்டுக் கட்டி, கிள்ளான் பஸ்ஸில் பாடிக்கொண்டே போனேன். கேள்விகளைப் படிக்கவே இல்லை. ஏழே நிமிடம்! இறகு முளைத்தவன்போல் எழுந்து தாளை நீட்டினேன்.

வினாத்தாளை இரண்டு மூன்று வரிசைகளில் மாற்றி அச்சடித்திருப்பார்கள் என்று யார் கண்டது?

அழைத்த அதிகாரி ஒரு தமிழ் அம்மையார். என்னைக் கண்டதும் மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"தம்பி, தனியா இருக்கும்போது குரல் கேட்குதுன்னு போட்டிருக்கீங்க. யார் குரல்?"

இது ஏதோ சோதனைக்குள் சோதனை என்று நினைத்தேன். "அத்தான் குரல் மேடம்!"

"மனுஷங்களப் பிடிக்காது. தீயப் பார்த்தா துள்ளத் தோணும்." நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "தம்பி, இங்க பூரா தின்னர் டின்னு. பொறி பட்டாப் போதும்."

மனப்பாடம் செய்த கதையையெல்லாம் கொட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார்.

"இதுல பாஸ், ஃபெயில் கிடையாது. எந்த வேலைக்கு யார் பொருந்துவாங்கன்னு பார்க்கத்தான். வேற தாள் தரேன், படிச்சுப் போடுங்க."

படித்தேன். 'ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் வேலை மறந்துவிடும்.' ஆம்! 'ஒரே இடத்தில் உட்கார முடியாது.' ஆம், ஆம்! நெஞ்சுக்குள் உறுமி அடித்தது. ஒரு காகிதம் என்னை இப்படிப் பார்த்ததேயில்லை.

"உங்களை சூப்பர்வைசரா உட்கார வைக்க முடியாது" என்றார் அம்மையார். என் உயிர் டெங்கிலுக்குக் கிளம்பியது. "விற்பனைக்கு ஊர் ஊரா சுத்த ஆள் வேணும். போறீங்களா?"

போறீங்களாவா! பறந்தேன்.

வீட்டில் கதையைச் சொன்னதுதான் தப்பு. இன்றைக்கும் பத்துமலையில் கற்பூரம் ஏற்றப்போனால், அறுபதைத் தாண்டிய என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்குகிறாள் அக்காள் மகள்.

"வேணாம் மாமா. டெஸ்ட்லயே வந்திருக்கு."