மெதுவாக அடித்த மணி

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். என் வாழ்நாளில் பதறாமல், நிதானமாக, மிகுந்த அக்கறையோடு நான் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதில் நாலு ஊர் ஜனம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருவாதவூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். (வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று ஆரப்பாளையத்தில் மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.) நிரந்தரம் செய்ய வேண்டியவர் பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைப் போலவே பேசுவார். விடிகாலைப் பூசை முடித்து, காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா மாத்திரை கொடுத்து, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் சைக்கிளில் கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார். ஊருக்கெல்லாம் கொயினா கொடுத்த மனிதர், தான் மட்டும் அதைத் தொடவில்லை போலும். காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, மணி அடிக்கும் கோயில்பிள்ளை தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மத்தியான செபமணி அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மணிக்கூண்டு சாமியார் அறைச் சன்னலை ஒட்டியே இருந்தது. அவரோ அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பிவிடக் கூடாதே என்று கயிற்றை மெள்ள இழுத்து ஒரு அடி அடித்தேன். அந்த ஓசை முழுதும் அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு அடி. அதுவும் அடங்கியபின் மற்றொன்று. என் நல்ல மனசை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

விட்டுவிட்டு ஒற்றையாக அடித்தால் அது சாவு மணி. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரியும்தான். அக்கறை கண்ணை மறைத்துவிட்டது.

கயிற்றை விடுவதற்குள் முதல் ஒப்பாரி கேட்டது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்து முற்றத்தில் விழுந்தார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய சமையல்காரர் அந்தோணி, கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார்.

"காரம் வேணாம் வேணாம்னு சொன்னீகளே சாமி, கேட்டனா? அம்புட்டு மொளகாயையும் அரைச்சு ஊத்துனேனே..."

பின்னாலேயே ஆசாரி அளவுகோலோடு வந்து என் காதைக் கடித்தார். "வாத்தியாரய்யா, சாமி நல்ல ஒசரம். பெட்டி செய்ய ஊர்ல இருக்க பலகை பத்தாது. மதுரைக்கு ஆள் அனுப்புறீகளா?"

"யோவ், சாமி தூங்குறாருய்யா."

"ஆமாங்கய்யா, இனிமே யாரு எழுப்ப?" என்று அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டபோது அறைக் கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு சாமியார் நின்றார். அழுகை பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். சாமியார் கூட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோயில் பக்கமே தலைகாட்டாதவர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து ஊர் இந்துக் குடியானவர்கள் மாலையும் கையுமாக நின்றார்கள்.

"மணி அடிச்சது யாரு?"

கையைத் தூக்கினேன்.

"நாங்களும் எம்புட்டு வருசமா அடிக்கிறோம். ஒரு ஞாயித்துக்கெழமைக்காச்சும் இம்புட்டுச் சனம் வந்துச்சா?" என்றவர், அந்தோணி பக்கம் திரும்பினார். "இன்னைக்காச்சும் காரத்தக் கொறப்பா."

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு குளிர்கிறது.

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. மணிக்கயிற்றைத் தொடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தவரும் அந்தச் சாமியார்தான். வந்த அன்றே என் மனைவிக்கு ஊரார் முழுக் கதையையும் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கும், தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமே என்று நான் ஒரு கதவை மெள்ளச் சாத்தினால் போதும், அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்துவிடும்:

"இப்ப யாரு போய்ச் சேந்தா?"