தலைவர் வண்டிக்குக் காற்று வாங்கிக் கொடுத்த கதை

சனிக்கிழமை காலை பல் துலக்கி முடிப்பதற்குள் தலைவர் ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

வண்டியை விற்பதில்லை. அதன் சக்தியைக் கூட்டுவது. இதுதான் தீர்மானம்.

தெருவே அவரைத் தலைவர் என்று கூப்பிட்டது. வீட்டுக்குள் அவர் வெறும் 'என்னங்க'. செருப்பைக் கழற்றும் இடத்திலேயே பதவியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். தொழிற்சாலை வாசலில் தொண்டை கிழியக் கத்தி, ஆயிரம் பேருக்கு வார விடுமுறை வாங்கிக் கொடுத்த மனிதர். அந்த விடுமுறை நாளில் எல்லாரும் வீட்டில் தூங்கினார்கள், அவர் மட்டும் செயற்குழுக் கூட்டத்தில் கொட்டாவி விட்டார். அவருக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து, பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு, யாரையும் எதிர்க்காமல் கிடப்பார். வாழ்நாள் போராட்டத்தில் கைக்கு வந்து சேர்ந்த ஒரே லாபம் அது.

வண்டியும் ஓய்வு பெற்ற அன்று தோழர்கள் சேர்ந்து வாங்கித் தந்ததுதான். தரும்போதே பழசான கார். ஆனாலும் அதை விற்பது தோழர்களை விற்பது மாதிரி.

அந்த வண்டிக்கு ஒரு குறை, மேடு ஏறாது. அதையே அவர் பெரிய நிறையாக வைத்திருந்தார். மனைவியின் அக்கா வீடு குன்றின் உச்சியில் இருந்தது. அக்காவின் கணவர், அதாவது தலைவரின் சகலை, அதே தொழிற்சாலையில் பெர்சனல் மேனேஜராக இருந்தவர். பகலில் அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று 'ஒழிக' போட்டுவிட்டு, மாலையில் மாமனார் வீட்டில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட கொடுமையெல்லாம் தலைவர் அனுபவித்திருக்கிறார். இனி முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீட்டுப் பேச்சு வரும்போது, "வண்டி ஏறாதே" என்பார். அவர் எழுதிய முழக்கங்களிலேயே இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மனைவி அதன் அடியிலேயே கை வைத்தாள்.

"என்னங்க, அத்தான் போன் பண்ணாரு. அந்த டப்பாவ வித்துடச் சொல்லுங்கன்னாரு."

"யாரைக் கேட்டு சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமையானா தன்னோட காரையே அனுப்பறாராம். டிரைவரோட."

மேனேஜர் அனுப்பும் காரில் தொழிலாளர் தலைவர். தெரு பார்க்க. அதனால்தான் மறுநாள் காலையில் பல் துலக்கும்போதே தீர்மானம் போட்டார்.

மருமகன் போனில் அனுப்பியிருந்த வீடியோ ஒன்று ஞாபகம் வந்தது. என்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைத்தால் பலம் கூடும். பானெட்டுக்குள் இருப்பது வெந்த காற்று. முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் போட்டு வெளிக்காற்றைக் கொண்டுவந்துவிட்டால் போதும். தலைவர் இதை மனைவிக்குத் தன் பாணியில் விளக்கினார்.

"ஒருத்தன சூட்டுல நிக்க வெச்சு நாள் முழுக்க வேலை வாங்கினா அவன் என்ன ஆவான்?"

"என்ன ஆவான்?"

"துவண்டு போவான். அவனுக்குக் கொஞ்சம் காத்தோட்டம் குடுத்துப் பாரு. ரெண்டு மடங்கு உழைப்பான். என்ஜினும் உழைக்கற வர்க்கம்தான்."

"சமையலறைக்கு ஒரு ஃபேன் வேணும்னு நானும் கேட்டுட்டேதான் இருக்கேன்."

"அது வேற கோரிக்கை. பரிசீலனைல இருக்கு."

"இருக்கட்டும். உங்களுக்கு என்னென்ன சாமான் வேணும், சொல்லுங்க."

இங்கேயே தலைவர் சுதாரித்திருக்க வேண்டும். கேட்டதும் கிடைத்தால் அது வெற்றியாக இருக்காது என்பது எந்தத் தொழிற்சங்கக்காரனுக்கும் தெரியும். ஆனால் களைத்த மனிதர். கிடைத்ததை வாங்கிக்கொண்டார்.

அவளே எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். குளியலறை வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய். தூசி உறிஞ்சும் மெஷினின் நெளி குழாய். மண்ணெண்ணெய் காலத்துப் பெரிய புனல். புனலின் வாயில் கட்ட ஒரு டீ வடிகட்டியும் பஞ்சும். கம்பெனி வைத்த கறுப்புக் காற்றுப் பெட்டியைத் தலைவர் கழற்றினார். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நிர்வாகத்தின் சுற்றறிக்கையைப் பிரிக்காமலே கிழித்துப்போட்டுப் பழகிய கை. நேராகப் பரணில் எறிந்தார். பிறகு குழாயைச் செருகி, கிளிப் முறுக்கி, விரலை நசுக்கிக்கொண்டு, புனலை முன்பக்கக் கம்பிக்குப் பின்னால் கட்டினார். பார்க்க, வண்டி ஒலிபெருக்கியை விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

சாவியைத் திருகினார். வண்டி கர்ஜித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சத்தம். எதிர்வீட்டுக்காரர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஓடி வந்தார்.

"என்ன தலைவரே, ரோடு ரோலர் வாங்கிட்டீங்களா?"

"பழைய வண்டிதான். சக்தியக் கூட்டியிருக்கேன்."

"எவ்வளவு கூடியிருக்கும்?"

"கேட்டா தெரியலையா?"

சத்தம் கூடினால் சக்தி கூடியதாகத்தான் அவர் வாழ்க்கை முழுக்க நம்பியிருந்தார். எத்தனையோ ஊர்வலங்களை அப்படித்தான் அளந்தார். பல முறை ஏமாந்தும் அளவுகோலை மாற்றவில்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சமதளத்தில், நடந்து போகிறவர்களை எல்லாம் முந்தியிருந்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "நல்லா சத்தம் வருதே. இனிமே மேடெல்லாம் ஏறுமா?"

எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்தாலே தலைவருக்கு அது பொதுக்கூட்டம். "மேடு என்ன மேடு. மலையே ஏறும்."

"அப்ப நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறோம். ஏறிட்டா வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும், வாராவாரம் போய்ட்டு வரலாம். ஏறலன்னா வித்துட்டு அத்தான் கார்ல போகலாம்." பிறகு எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்கதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தலைவர் வாசலிலேயே நின்றார். எத்தனையோ ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து, மூன்று சுற்றுப் பேசி, அதன் பிறகும் கையெழுத்துப் போட மறுத்தவர். இந்த ஒப்பந்தத்தை அவர் படிக்கவே இல்லை. ஏறினாலும் ஞாயிறு போச்சு. ஏறாவிட்டால் ஞாயிறும் போச்சு, வண்டியும் போச்சு.

இரண்டு நாள் யோசித்ததில் வழி ஒன்று பிறந்தது. பழைய வழிதான். வேலைநிறுத்தம் செய்ய முடியாதபோது தொழிலாளி என்ன செய்வான்? மெதுவாக வேலை செய்வான். பாதி மேட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் போதும், வண்டி தானே நின்றுவிடும். பழியைப் பெட்ரோல் மேல் போடலாம். பேச்சுவார்த்தையை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பேச்சுவார்த்தையை இழுத்தடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை அந்தத் தெம்பிலேயே பழைய சங்க அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய், பாதி நாள் அரட்டை அடித்துவிட்டு வந்தார்.

ஞாயிறு வந்தது. மனைவி நல்ல புடவை கட்டி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் சாவியைத் திருகினார். கர்ஜனை இல்லை. பூனை மாதிரி ஒரு முனகல்.

"என்ன இது, சத்தத்தையே காணோம்?"

"ஒரு வாரம் ஆச்சுல்ல, பழகியிருக்கும். போங்க."

வண்டி போனது. இப்படி அது எப்போதும் போனதில்லை. கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, குன்றின் அடிவாரத்துக்கு வந்தது. தலைவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் விட்டார். ஏறியது. காலைச் சற்றே எடுத்தார். அப்போதும் ஏறியது. இன்னும் கொஞ்சம் எடுத்தார். வண்டி தயங்கியது.

"கால எடுக்காதீங்க" என்றாள் மனைவி, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே.

"யார் எடுத்தா?"

"உங்க கால எனக்குத் தெரியாதா?"

"வண்டிதான் இழுக்க மாட்டேங்குது. பெட்ரோல்ல கோளாறு."

இன்னொரு முறை எடுத்திருந்தால் நின்றிருக்கும். அந்த நேரம் பார்த்து நிமிர்ந்தார். உச்சியில், மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சகலை நின்றிருந்தார். அந்தக் காலத்தில் ஆபீஸ் ஜன்னலில் நின்று வாசலைப் பார்ப்பாரே, அதே நிலை. கூட்டம் எப்போது கலையும் என்று காத்திருக்கும் அதே சின்னச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் தலைவர் ஒரு நாளும் பின்வாங்கியதில்லை. கால் தானாகவே அழுந்தியது. வண்டி ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது.

"வாங்க சகலை, வாங்க" என்றார் சகலை. சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "வண்டி பிரமாதமா ஏறுதே. என்ன பண்ணீங்க?"

போதாதா? தலைவர் தொண்டையைச் செருமினார். வெந்த காற்று, குளிர்ந்த காற்று, என்ஜினின் உரிமைகள் என்று ஒரு சொற்பொழிவே நடத்தி, முடிவில் பானெட்டைத் திறந்து தூக்கினார்.

புனல் இல்லை. நெளி குழாய் இல்லை. பரணில் எறிந்த கறுப்புப் பெட்டி பழைய இடத்தில், துடைத்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

மனைவியும் பக்கத்தில் வந்து குனிந்தாள். காதோரம் மெல்லச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்தாரு. பெட்டிக்குள்ள இருந்த ஃபில்டர மாத்தவே இல்லையாமே. அழுக்கு அடைச்சு கம்பளி மாதிரி ஆயிருந்துச்சு. புதுசு போட்டாரு. உங்க குழாய்ல போன காத்து ஊதுவத்திக்குக்கூடப் பத்தாதாம்."

தலைவர் உடம்பால் பெட்டியை மறைத்துக்கொண்டார்.

"எங்க சகலை அந்தக் குழாய்?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் சகலை.

மனைவி கணவனைப் பார்த்தாள். குரலை இன்னும் தாழ்த்தினாள். "சொல்லட்டுமா? இல்ல, வாராவாரம் வருவீங்களா?"

தலைவர் சகலையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக, முதல் சுற்றிலேயே தலையை ஆட்டினார்.

"அது உள்ள இருக்கு அத்தான், வெளிய தெரியாது" என்று பானெட்டை மூடினாள் மனைவி. "எல்லாம் இவரே சொந்தக் கையால செஞ்சது."

சகலை தன் புது காரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "அப்ப என் வண்டிக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன், சகலை."

"அதுக்கென்ன அத்தான், செஞ்சுட்டாப் போச்சு" என்றாள் மனைவி. "இனிமே ஞாயித்துக்கிழமைல இவருக்கு வேற என்ன வேலை?"