இடுப்பளவுத் தண்ணீரில் ஸ்கூபா

கான்சாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சமுத்திரம் அவர்களுக்கு,

இருளப்பசாமி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம், மாடு கன்று நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம் நீங்கள்.

தூத்துக்குடியில் என் மகள் அனுசியாவை, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்குகிற ஸ்கூபா படிக்க வைத்தது நீங்கள்தானே? கார்த்திகை மழையில் நம்மூர்க் கண்மாய் பதினாறு அடி பெருகியதும், கல்லூரிப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு முங்கப் பழக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். "கலங்கல் தண்ணிக்குள்ள என்னம்மா தெரியும்?" என்றேன். "ஒண்ணும் தெரியாதுப்பா. இதுல பழகிட்டா கடலு சுளுவு" என்றாள்.

கண்மாய் பாதியாய் வற்றிய நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மாரிசெல்வம் பெண் முங்குவதைப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், நெல்லுக்காக மடையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறது, நான் மடைக்குப் பக்கத்து வயல்காரி இருளம்மாளிடம் ஓடி, நாலு நாள் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினால், "ஒம் மக முங்குறதுக்கு எம் பயிரு காயணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

ஞாயிறன்று இடுப்பளவுதான் தண்ணீர். அப்படியும் அனுசியா முங்கினாள். முதுகிலிருந்த சிலிண்டர் முங்கவில்லை. பக்கத்தில் ஓர் எருமை வந்து படுத்துக்கொண்டது. கரையில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு எங்க?" என்றார். "அந்தா நகருதுல்லா சிலிண்டரு, அதுக்குக் கீழ" என்றேன். "எருமைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்றார். போட்டோ எடுக்க இறங்கிய மாப்பிள்ளை தொடை வரைக்கும் சகதியில் மாட்டிக்கொண்டார். அனுசியா எழுந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அசையாதீய, நான் இழுக்கேன்" என்று ஒரே இழுப்பில் கரை சேர்த்தாள். ஆள் வந்தார், செருப்பு வரவில்லை. காப்பி கூடக் குடிக்காமல் வண்டியேறிவிட்டார்கள்.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். நீங்கள் உடனே வந்து, இந்த முங்குற வேலையை விடச் சொல்லிக் கண்டிக்க வேண்டும். என் பேச்சு எடுபடாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள்,
இருளப்பசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் மாரிசெல்வம், கூடவே அவர் அம்மா. அனுசியாவிடம் முங்கப் படிக்கணுமாம், சம்பந்தம் அவர்களுக்குச் சம்மதமாம், பாடத்தில் மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பொறவு பார்த்துக்கலாமாம். கண்மாய் வற்றினாலும் நம் தோட்டத்துக் கிணற்றில் நாற்பது அடி கிடக்கிறது. இனி முங்குகிறவர்களுக்கு மேலே கயிறு பிடிக்கப் போவது நான்தான். பிள்ளையைக் கண்டிக்கிறேன் என்று ஏதும் வாயைத் திறந்துவிடாதீர்கள். வரும்போது இன்னொரு சிலிண்டர் கொண்டு வாருங்கள், சம்பந்தியம்மாவும் இறங்கணுமாம்.