கிணற்றுப் பெட்டிக்கு ஒரு ரகசிய வாசல்

இனிமேல் மோட்டார் போடக் கிணற்றுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். போவதாகச் சொல்வதை மட்டும் விடுவதாயில்லை.

தொண்டூரில் எங்கள் நெல் வயலுக்கு மும்முனை கரண்ட் சாயங்காலம்தான் வரும். செஞ்சி கடைவீதியில் என் சிநேகிதன் நேமிகுமாரின் கேரம் போர்டுக்கும் அதுதான் நேரம். சமணக் குடும்பம், பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவான். பிறகு ஆட்டம்தான்.

ஆனால் மோட்டாரை நான் வெறுக்கவும் முடியாது. அதுதான் என் கவசம். அக்டோபர் வந்தால் என் மனைவி வெரோனிகா ஜெபமாலை மாதத்துக்கென்று அவலூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். என் மாமியார் அமலோற்பவம் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுத்தான் ஜெபிப்பார். மருமகனும் போட வேண்டும். "நானும் வந்துட்டா மோட்டார் யார் போடறது?" என்ற ஒரே கேள்வியால் வருஷா வருஷம் என் முட்டிகளைக் காப்பாற்றி வந்தேன்.

மோட்டார் கொட்டகையில் மோட்டாரை இயக்கும் சின்னப் பெட்டியும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான், உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. சிம் கார்டும் உண்டு. தூரத்திலிருந்து பத்திரமாக லாகின் செய்ய அதில் ஒரு புரோகிராம் போட்டால் போதும். போனிலேயே மோட்டார் போடும் ஸ்டார்ட்டரைக் கடையில் வாங்கலாம்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே!

புரோகிராமைத் தானே கம்பைல் செய்துகொள்ள, அதாவது தன் பிராசசருக்குப் புரியும்படி மாற்றிக்கொள்ள, பெட்டிக்குத் தெம்பில்லை. என் லேப்டாப்பில் செய்து அனுப்பினேன். ஓடாது என்றது. லேப்டாப்பின் பிராசசர் வேறு, பெட்டியின் பிராசசர் வேறு. நம் அடுப்பில் சமைக்கலாம். ஆனால் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குத் தக்கபடி சமைக்க வேண்டும். அதற்குத்தான் கிராஸ் கம்பைலர். இத்தனை வருஷமாக என் மண்டைக்குத் தக்கபடியே பேசிவிட்டு, வெரோனிகாவின் மண்டையில் ஏறவில்லையே என்று குறைப்பட்டது ஞாபகம் வந்தது. சற்று துக்கமாக இருந்தது. பிறகு வேலையைப் பார்த்தேன்.

இம்முறை ஓடியது. பாஸ்வேர்டு கிடையாது. என் போனிலுள்ள சாவிக்கு மட்டுமே கதவு திறக்கும். கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, போனைத் தட்டி மோட்டாரையும் போட்டேன்.

"வந்துட்டீங்களா?" வீட்டு வாசலில் வெரோனிகா கேட்டாள்.

"வந்துட்டேன். இடுப்பே போச்சு."

"பாவம். வெந்தண்ணி போடறேன், ஊத்திக்குங்க."

வெட்கமாக இருந்தது. ஊற்றிக்கொண்டேன்.

ஒரு வாரம் இப்படி. அன்று தோசை சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"ஏங்க, எங்கியோ இருந்துக்கினு போன்லயே மோட்டார் போடலாமாமே. நெசமா?"

"போடலாம்."

"உங்களால முடியாதாம். பக்கத்து வயக்காரர் விநாயகம் சொன்னாரு. அதுக்கெல்லாம் பெங்களூர்ல படிச்சிருக்கணுமாம்."

பல்பு மாட்டத் தெரியாத விநாயகம்!

"அந்த ஆளுக்கு இன்னா தெரியும்? நான் செஞ்சே வச்சிருக்கேன்!"

"அய்யோ! நம்ப கெணத்துக்கா?"

"பின்ன?"

"பக்கத்துல நின்னாத்தான் வேலை செய்யுமோ?"

"செஞ்சியிலேர்ந்து போடறேன்டி!"

"செஞ்சியிலேர்ந்து..." பாயசத்தை ருசி பார்ப்பதுபோல் சொல்லிப் பார்த்தாள். "அவலூர்பேட்டையிலேர்ந்து?"

"அமெரிக்காவுலேர்ந்தே போடுவேன்!"

என் தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

"அவ்ளோ தூரம் வேணாங்க. நேத்து உங்களுக்கு டீ எடுத்துக்கினு கெணத்துக்குப் போனேன். மோட்டார் ஓடுது, ஆளக் காணோம். அப்பவே அம்மாவுக்குப் போன் போட்டு, இந்த வருஷம் ஜெபமாலைக்கு மாப்ளயும் வராருன்னு சொல்லிட்டேன். இன்னா சந்தோஷம் தெரியுமா அதுக்கு!"

ஒரே ஒரு வழிதான் பாக்கி.

"உங்க அம்மா வீட்டுல சிக்னல் கிடைக்காதே, வெரோ."

"கேட்டுட்டேங்க. மாதா சுரூபத்துக்கு முன்னாடி நல்லா கெடைக்குதாம். நின்னா போயிடுதாம். முட்டி போட்டா முழுசா காட்டுதாம்."

மறுநாள் அக்டோபர் முதல் தேதி. சாயங்காலம் தொண்டூரில் கரண்ட் வந்தது. அவலூர்பேட்டையில் நான் முட்டி போட்டேன். மோட்டார் ஓடியது.